ஆடியவருக்கு என்ன தெரியும்?

"நீங்க ஆடியிருக்கீங்களா?"

அமெரிக்காவில் பேஸ்பால் பற்றிய வாக்குவாதம் எதுவும் கடைசியில் இந்தக் கேள்வியில் வந்துதான் நிற்கும். இல்லை என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. ஆமாம் என்றால் அதன்பிறகு அவர் சொல்வதெல்லாம் வேதவாக்கு. நான் நியூஜெர்சியில் வார இறுதி லீக்குகளில் பல வருஷம் கேட்சராக, அதாவது பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவனாக, ஆடியவன். இப்போது பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கிறேன். என்னோடு ஆடியவர்கள் இந்தக் கேள்வியை ஆயுதமாக எடுக்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும். ஆடுவதால் வரும் அறிவு உயர்ந்தது, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அது எந்த வகை அறிவு, எதுவரை செல்லும் என்பதை ஆடியவர்களே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

கேட்சர் வேலையிலிருந்தே தொடங்குகிறேன். பேட்டர் அடிக்காமல் விட்ட ஒவ்வொரு பந்தையும் அம்பயர் 'ஸ்ட்ரைக்' அல்லது 'பால்' என்று தீர்ப்பு சொல்ல வேண்டும். பேட்டர் அருகே தரையில் பதித்திருக்கும் ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். அதற்கு மேலே, பேட்டரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடையில் பந்து கடந்தால் ஸ்ட்ரைக். நடுவில் வரும் பந்தில் யாருக்கும் சந்தேகமில்லை. விளிம்பில் வரும் பந்தில்தான் கேட்சரின் கை பேசுகிறது. முழங்காலை ஒட்டிக் கீழே விழுகிற 'சிங்கர்' (sinker) பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பந்து வருவதற்கு முன்பே கையுறை தளர்ந்து தரைப்பக்கம் இறங்கியிருக்க வேண்டும். அங்கிருந்து மேலே எழும்பி வந்து பந்தைச் சந்திக்க வேண்டும். மேலிருந்து இறங்கிப் பிடித்தால் பந்தின் வேகம் கையைத் தரைக்கு இழுத்துவிடும். எல்லைக்குள் வந்த பந்தும் அம்பயர் கண்ணுக்கு வெளியே போனதாகத் தெரியும். பிடித்த பிறகு கையுறையை வெடுக்கென்று உள்ளே இழுப்பது கற்றுக்குட்டி வேலை. அம்பயருக்கு அது ஏமாற்றாகப் படும், அடுத்த பந்தையும் தர மாட்டார். பிடிப்பதும் நகர்த்துவதும் ஒரே அசைவாக இருக்க வேண்டும். மணிக்கட்டு மட்டும் வேலை செய்யும், தோள் அசையக்கூடாது.

இதைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்சர்கள் சொல்லி வந்தார்கள். ஆட்டத்தை எண்களால் ஆராய்கிறவர்களில் பலர் நம்பவில்லை. கையில் அளவு இல்லாததை எப்படி நம்புவது என்ற அவர்கள் கேள்வியும் நியாயமானதே. 2008-க்குள் மேஜர் லீக் மைதானங்கள் எல்லாவற்றிலும் பந்தின் பாதையைப் பதிவுசெய்யும் கேமராக்கள் வந்துவிட்டன. 2011-ல் மைக் ஃபாஸ்ட் என்ற ஆய்வாளர் அந்தப் பதிவுகளைக் கொண்டு, எந்தக் கேட்சர் பிடித்தால் எத்தனை விளிம்புப் பந்துகள் ஸ்ட்ரைக் ஆகின்றன என்று கணக்கிட்டார். பட்டியலின் உச்சியில் இருந்தவர் ஹோசே மொலினா. அடிப்பதில் சுமார், ஓட்டத்தில் மந்தம், பெரும்பாலும் மாற்றுக் கேட்சர். அந்தப் பருவம் முடிந்ததும் டாம்பா பே ரேஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. எங்கள் தொழில் மெய்ப்பிக்கப்பட்ட அந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

ஆனால் அதிலேயே ஒரு பாடமும் இருந்தது. நல்ல பிடி உதவும் என்று எங்களுக்குத் தெரியும்; எவ்வளவு உதவும் என்று ஒருவருக்கும் தெரியாது. மிகச் சிறந்த கையுறை ஒரு பருவத்தில் இருபது ரன்னுக்கு மேல் காப்பாற்றும், அது இரண்டு வெற்றிக்குச் சமம் என்று எந்தக் கேட்சரும் அதுவரை சொன்னதில்லை. சொல்லவும் முடியாது. உடம்புக்கு ருசி தெரியும், எடை தெரியாது.

இன்னும் ஒன்று. வேகப்பந்து கடைசி நேரத்தில் மேலே எழும்புகிறது என்று பேட்டர்கள் சத்தியம் செய்வார்கள். கேட்சராக என் கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும். ஆனால் கையை மேலிருந்து சுழற்றி எறிந்த பந்து அப்படி எழும்பாது. பின்சுழற்சி அதைத் தாங்கிப் பிடிக்கிறதே தவிர, புவியீர்ப்பை வெல்வதில்லை. வழக்கமான பந்து எவ்வளவு விழும் என்று மூளை கணித்து வைத்திருக்கிறது. இது அதைவிடக் குறைவாக விழுவதால் எழும்பியதாகத் தோன்றுகிறது. யேல் பல்கலைக்கழக இயற்பியலாளர் ராபர்ட் அடேர் 1990-ல் எழுதிய பேஸ்பால் இயற்பியல் நூல் இதையெல்லாம் விளக்குகிறது. ஆனாலும் பேட்டரின் வாக்குமூலத்தைக் குப்பையில் போட முடியாது. பந்து எழும்பியதாக அவருக்குத் தோன்றுகிறது என்றால், மூளை கணித்த இடத்துக்கு, அதாவது பந்துக்குக் கீழே, மட்டை போகிறது என்று அர்த்தம். அதை வைத்துத்தான் நான் பந்தை எறியும் பிட்சரிடம் அடுத்த பந்தை உயரத்தில் கேட்பேன். நடந்தது எது என்பதில் அவர் சாட்சி செல்லாது. தனக்கு எப்படித் தெரிந்தது என்பதில் அவரை விட்டால் வேறு சாட்சி இல்லை.

பன்ட் விஷயத்தில் ஆடியவர்களின் பக்கம் நிற்பது கடினம். முதல் பேஸில் ஓர் ஆள், அவுட் எதுவும் இல்லை. பேட்டர் தன்னைப் பலிகொடுத்துப் பந்தை மெல்லத் தட்டி, அவரை இரண்டாவது பேஸுக்கு நகர்த்துவார். நூறு ஆண்டு ஆட்ட அனுபவம் இதைப் புத்திசாலித்தனம் என்றது. அதை எண்களால் சோதித்தவர் ஜார்ஜ் லிண்ட்சி, கனடாவின் பாதுகாப்புத் துறை ஆய்வாளர். ஓய்வுபெற்ற கர்னலான அவருடைய அப்பா, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வந்த நூற்றுக்கணக்கான ஆட்டங்களைக் கேட்டும் பார்த்தும் குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகளிலிருந்து மகன் 1963-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதன்படி, பன்ட்டுக்கு முந்தைய நிலையில் அந்த இன்னிங்ஸின் மீதியில் சராசரியாக 0.81 ரன் வரும். பன்ட் வெற்றிகரமாக நடந்தபின் 0.67 தான் வரும். களத்தில் நிற்பவருக்கு இது ஏன் தெரியவில்லை? அவருக்கு நினைவில் நிற்பது பலித்த பன்ட். கொடுத்த அவுட்டால் வராமல் போன ரன்னை யாரும் பார்ப்பதில்லை. மேஜர் லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடாத மேலாளர் எர்ல் வீவர் பன்ட்டை வெறுத்தார், மூன்று ரன் ஹோம் ரன்னுக்குக் காத்திருந்தார், 1970-ல் பால்டிமோர் ஓரியோல்ஸை உலகத் தொடர் வெல்ல வைத்தார்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பவர் ஜோ மார்கன். சின்சினாட்டி ரெட்ஸின் இரண்டாவது பேஸ்மேன். 1975, 1976 இரண்டு ஆண்டும் நேஷனல் லீக்கின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர். 1975-ல் மட்டும் 132 தடவை, நாலு மோசமான பந்துகளையும் பொறுமையாக விட்டுவிட்டு இலவசமாக முதல் பேஸுக்கு நடந்து போனார். எண்களைக் கொண்டு அணி கட்டுவதைப் பற்றி 2003-ல் வந்த 'மணிபால்' புத்தகம் போற்றியதும் இதே பொறுமையைத்தான். ஆனால் வர்ணனையாளராக இருந்த மார்கன் அந்தப் புத்தகத்தையும் அந்தச் சிந்தனையையும் கடைசிவரை ஏற்கவில்லை. கான்சஸில் உணவுத் தொழிற்சாலை ஒன்றில் இரவுக் காவலராக இருந்துகொண்டு எண்களை ஆராயத் தொடங்கிய பில் ஜேம்ஸோ, வரலாற்றின் மிகச் சிறந்த இரண்டாவது பேஸ்மேன் மார்கன்தான் என்று எழுதினார். மார்கன் எவ்வளவு பெரியவர் என்பதற்கான கணக்கு, மார்கனிடம் இல்லாமல் ஜேம்ஸிடம் இருந்தது. இதில் மார்கனுக்கு எந்த இழிவும் இல்லை. அந்த அறிவு அவர் கண்ணிலும் மட்டையிலும் முழுமையாக இருந்தது. சொல்லாக மாறவில்லை, அவ்வளவுதான்.

'ஆடியவர்' என்று மொத்தமாகச் சொல்வதும் சரியில்லை. 2025 வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில், அம்பயரின் ஸ்ட்ரைக் தீர்ப்பை மறுத்துக் கருவியிடம் முறையிடும் உரிமையைப் பேட்டர், பிட்சர், கேட்சர் மூவருக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். கேட்சர்களின் முறையீட்டில் 56 சதவீதம் சரியாக இருந்தது. பேட்டர்களுக்கு 50. பிட்சர்களுக்கு 41. பந்தை எறிந்தவர்தான் அதிகம் தவறினார். அவர் அறுபது அடி தள்ளி நிற்கிறார். எறிந்த வேகத்தில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஸ்ட்ரைக்காக இருக்க வேண்டும் என்ற ஆசை வேறு. அந்த முறை 2026 பருவத்திலிருந்து மேஜர் லீக் ஆட்டங்களுக்கும் ஏற்கப்பட்டுவிட்டது.

என்னிடம் பயிலும் பிள்ளைகளில் அன்றைக்கு ஆடாதவர் கையில் ஸ்கோர் புத்தகத்தைக் கொடுத்துவிடுவேன். ஒவ்வொரு பந்தும் எங்கே வந்தது, பேட்டர் என்ன செய்தார் என்று எழுத வேண்டும். களத்தில் கை கற்றதைப் பென்சில் சோதித்துப் பார்க்கும். பென்சிலுக்குப் புரியாததை மறுநாள் கையிடம் கேட்கலாம்.

பிள்ளைகளைப் பேஸ்பாலுக்கு அனுப்பும் நம் பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்வேன். ஆடியதில்லை என்பதற்காக வேலிக்கு வெளியே கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். ஸ்கோர் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். கர்னல் லிண்ட்சி செய்தது அதுதான். ஆட்டம் முடிந்து திரும்பும்போது பையனிடமோ பெண்ணிடமோ அந்தப் பக்கத்தைக் காட்டி, "இந்தப் பந்தை ஏன் விட்டே? உன் கண்ணுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர்களுக்கு நேரம் கொடுங்கள்.