நீலக் காகிதம்

லண்டனில் மகள் வீட்டில் இருந்தபோது, பால் வாங்கும் கடையின் கதவில் வெளிர் நீலக் காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. தள்ளுபடி விற்பனை போலும் என்று உற்சாகமாக உள்ளே போனேன். கடைக்காரர், யாழ்ப்பாணத்து மனிதர், தலை நிமிரவில்லை.

பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு இருமுறை பீர் விற்றதாகப் புகார். மது விற்கும் லைசென்ஸை மறுபரிசீலனை செய்யப் போகிறார்களாம். 28 நாள் அந்தக் காகிதம் கதவில் தொங்கவேண்டும்.

"பொடியனை அனுப்பினதே அவையள்தான், அண்ணை!"

வாஸ்தவம். சோதனைக்காகச் சிறுவர்களை அனுப்பி வாங்கச் சொல்வதை அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் விற்றது இவர்தானே!

கடையில் பேசும் இங்கிலீஷ் சபைக்குப் போதாதென்று, மொழிபெயர்க்க என்னை அழைத்துப் போனார். நகரசபையில் மூன்று அங்கத்தினர்கள். 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் நிபந்தனை விதிக்கலாம். மூன்று மாதம் வரை லைசென்ஸை நிறுத்தி வைக்கலாம். அடியோடு ரத்தும் செய்யலாம். வயது போதாதென்று திருப்பி அனுப்பியவர்களைக் குறித்து வைக்கும் நோட்டை ஓர் அம்மாள் புரட்டினாள். ஆறு மாதப் பதிவுகள், ஒரே மை.

"எப்போது எழுதினீர்கள்?"

"நேற்றிரவு இருந்து எழுதினனான். என்ன செய்யிறது, அண்ணை?" என்றார் என்னிடம்.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு வாக்கியத்தை மாற்றுவது பெரிய காரியமா? பின்வரிசையில் அவருடைய இரண்டு பெண்கள். அம்மாள் என் முகத்தையே பார்த்தாள். உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன்.

இரண்டு மாத நிறுத்தம். அப்பீலுக்கு 21 நாள் அவகாசம்.

மறுநாள் பால் வாங்கப் போனேன். மீதிச் சில்லறையை எப்போதும் கையில் கொடுப்பவர், மேஜைமேல் வைத்தார்.