அலைகளை வென்ற நீச்சல் குளம்

லண்டன் மாநகரின் பேடிங்டன் நிலையத்தில் புகைவண்டி ஏறி மேற்கு நோக்கி ஐந்து மணி நேரத்திற்கு மேல் பயணம் செய்தால், கார்ன்வால் பகுதியிலுள்ள பென்சான்ஸ் என்னும் துறைமுக நகரை அடையலாம். இருப்புப் பாதை அங்கேயே முடிவடைந்துவிடுகிறது. கார்ன்வால் மக்களின் பழைய மொழியில் இவ்வூர்ப் பெயருக்குப் 'புனித முனை' என்பது பொருள். கடற்கரையில் நின்று கிழக்கே நோக்கினால், விரிகுடாவின் நடுவே புனித மிக்கேல் குன்று எழுந்து நிற்கும் அழகிய காட்சி தென்படும். நடுக்காலத்தில் ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர் செபித்து வாழ்ந்த இடம் அது.

இக்கடற்கரையில் பாறைகளின் மேல், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வெண்ணிறக் கட்டடம் ஒன்று பயணிகளின் கண்ணைக் கவரும். அதுவே 'ஜூபிலி குளம்' எனப்படும் திறந்தவெளி நீச்சல் குளம். மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அரியணை ஏறிய 25-ஆம் ஆண்டு நிறைவின் நினைவாக, 1935-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் அது திறந்து வைக்கப்பட்டது. அதனை வடிவமைத்தவர் நகரசபைப் பொறியாளரான கேப்டன் பிராங்க் லேதம்.

முக்கோண வடிவமும் வளைந்த சுவர்களும் கொண்டது இக்குளம். நீரின்மீது வந்தமரும் கடற்பறவையைக் கண்டே பொறியாளர் இவ்வடிவத்தைத் தேர்ந்தார் என்று சொல்வதுண்டு. அழகு மட்டும் இதன் நோக்கமன்று. சீறிவரும் அலையை நேருக்கு நேர் எதிர்க்கும் சுவர் விரைவில் தளர்ந்துபோகும். வளைந்த சுவரோ அலையின் வேகத்தை ஒதுக்கிவிடும். குளத்தில் நிரப்பப்படுவதும் கடல் நீரே. உயர்ந்த சுவர்கள் காற்றைத் தடுப்பதால், உள்ளே படிப்படியாக அமைந்த மேடைகளில் குடும்பத்தோடு அமர்ந்து வெயில் காயலாம்.

மறக்கப்பட்ட செல்வம்

1930-களில் பிரிட்டனின் நகரசபைகள் போட்டியிட்டுக்கொண்டு இத்தகைய குளங்களைக் கட்டின. பின்னாளில் கூரையிட்ட, வெந்நீர்க் குளங்கள் பெருகின. மக்களும் விடுமுறைக்கு வெயில் மிகுந்த அயல்நாடுகளை நாடிச் செல்லலாயினர். வருவாய் குறைந்தது, பராமரிப்புச் செலவோ ஏறிற்று. பல குளங்கள் மண்ணிட்டு மூடப்பட்டன. ஜூபிலி குளமும் பழுதுற்று, 1990-களின் தொடக்கத்தில் மூடப்படும் நிலையை எட்டியது.

அப்போதுதான் ஊர்மக்கள் விழித்துக்கொண்டனர். அவர்கள் இடைவிடாது குரல் எழுப்பினர். 1993-ஆம் ஆண்டு இக்குளம் வரலாற்றுச் சிறப்புமிக்க கட்டடங்களின் பட்டியலில் இடம் பெற்றது. பழுதுகளும் நீக்கப்பட்டன. குளம் பிழைத்தது.

புயலும் புத்துயிரும்

எனினும் சோதனை ஓயவில்லை. 2014-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் தென்மேற்குக் கடற்கரையைக் கடும் புயல்கள் தாக்கின. பென்சான்ஸ் வரும் புகைவண்டிப் பாதையே டாலிஷ் என்னும் ஊரில் கடலரிப்பால் அறுபட்டு, இரண்டு மாதம் போக்குவரத்து நின்றது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கடலோடு மல்லுக்கு நின்ற குளமும் அப்போது பெருஞ்சேதம் அடைந்தது. இரண்டு கோடைக் காலங்கள் அதன் வாயில் அடைபட்டுக் கிடந்தது. அரசின் உதவி நிதியும் பிறவும் சேர்ந்து, ஏறத்தாழ 30 லட்சம் பவுண்டு செலவில் செப்பனிடப்பட்டு, 2016-ஆம் ஆண்டு மீண்டும் திறக்கப்பட்டது.

சுவரைக் கட்டப் பணம் கிடைத்துவிட்டது. ஆனால் ஆண்டுதோறும் குளத்தை நடத்த யார் பொறுப்பு? இக்கேள்விக்கு ஊர்மக்கள் அளித்த விடையே நம் சிந்தனைக்கு உரியது. 'நகரசபை பார்த்துக்கொள்ளட்டும்' என்று அவர்கள் ஒதுங்கவில்லை. தாங்களே ஒரு சமூக நலச் சங்கம் அமைத்து, குளத்தின் நிருவாகத்தை ஏற்றனர். பங்குத் தொகை செலுத்த வருமாறு பொதுமக்களை அழைத்தனர். 1,000-க்கும் மேற்பட்டோர் முன்வந்தனர். இத்தகைய சங்கங்களில், அதிகம் செலுத்தியவருக்கும் குறைவாகச் செலுத்தியவருக்கும் ஆளுக்கு ஒரே வாக்குத்தான்.

குளிர்ந்த கடல் நீர் கோடையில் மட்டுமே பலரை ஈர்க்கும். ஆகவே நிலத்தின் அடியிலுள்ள வெப்பத்தைப் பயன்படுத்தத் துணிந்தனர். கார்ன்வாலின் கருங்கல் பாறைகள் இயல்பாகவே வெப்பம் மிக்கவை. 410 மீட்டர் ஆழத்திற்குத் துளையிட்டு, அங்கிருந்து வரும் நீரின் வெப்பத்தைப் பொறிகளின் துணையால் மிகுவித்து, குளத்தின் ஒரு பகுதியைச் சூடேற்றினர். 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் அப்பகுதி திறக்கப்பட்டது. ஏறத்தாழ 35 பாகை வெப்பமுள்ள அந்நீரில் குளிர்காலத்திலும் இறங்கலாம். முதியோரும் மூட்டு நோயுற்றோரும் கூட அஞ்சாமல் இறங்கத்தக்க இதமான சூடு அது.

ஒரு நீச்சல் குளத்திற்காக இத்தனை பாடா என்று வாசகர்கள் வினவலாம். செல்வர்க்கு வீட்டிலேயே குளம் உண்டு. ஏழைச் சிறுவனுக்கோ ஊர்க்குளம் ஒன்றே உண்டு. அது மூடப்பட்டால் இழப்பு அவனுக்கே.

ஊர் கூடித் தேர் இழுப்பது நமக்குப் புதிதன்று. ஆனால் திருவிழா முடிந்தபின் அத்தேரைத் துடைத்து, கூரை வேய்ந்து, கரையான் அரிக்காமல் காப்பவர் எத்தனை பேர்? பொதுச்சொத்து ஒருமுறை மீட்கப்பட்டால் போதாது; ஒவ்வொரு தலைமுறையும் அதை மீண்டும் மீட்டாக வேண்டும். அலைகள் ஓய்வதில்லை, காப்பவர்களும் ஓயலாகாது. பென்சான்ஸ் மக்கள் இதனை உணர்ந்தவர்கள்.