மண்டபத்தை ஏன் இப்படிப் படம் எடுக்கிறோம்?



கொஞ்ச நாளாகவே கோயிலில் எங்களைப் பார்த்து ஒரே கேள்வி. "ஏன் தம்பி, அம்மன் அலங்காரத்தை எடுக்காம தூணையும் தரையையும் தகரக் கூரையையும் எடுத்துக்கிட்டு இருக்கீங்க?" ஐம்பது தாண்டிய எங்களையும் தம்பி என்று கூப்பிட ஆள் இருப்பது சந்தோஷம்தான். கேள்வியும் நியாயமான கேள்வி. ஒவ்வொருத்தரிடமும் நின்று விளக்க முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

பாலாலயம் முடிந்ததும் முன்மண்டபத்தைப் பிரிக்கப் போகிறார்கள். கரையான் அரித்த மரம், மழை பெய்தால் ஒழுகும் தகரம். திருப்பணி வேண்டும், கும்பாபிஷேகம் நல்லபடியா நடக்க வேண்டும். அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பிரித்த பிறகு அந்த மண்டபம் படத்தில் மட்டும்தான் இருக்கும். ஆபீஸ் அலமாரியில் இருக்கிற பழைய ஆல்பங்களைப் புரட்டிப் பார்த்தோம். கல்யாணம், பொன்னாடை, அன்னதானம், சிறப்பு விருந்தினர். எல்லாவற்றிலும் மண்டபம் பின்னால் மங்கலாக நிற்கிறது. மண்டபத்தையே பார்த்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் இந்த வேலை.

எங்களில் யாரும் ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள் இல்லை. ஒருத்தர் லோரி ஓட்டுகிறார், ஒருத்தர் பள்ளிக்கூட கேண்டீனில் சமைக்கிறார், மற்றவர்கள் ஃபேக்டரி ஆட்கள். கையில் இருப்பது ஃபோன் கேமராதான். அதில் நாங்கள் தேடுவது கோடும் வடிவமும்.

இது ஏதோ வெளிநாட்டுப் படிப்பு என்று நினைக்க வேண்டாம். நம்ம பெரியவங்க கோட்டோடு வாழ்ந்தவங்க. தோட்டத்தில் ரப்பர் மரம் நிரை நிரையா நின்றது. பால் வெட்டும்போது இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே சாய்வாக ஒரு கோடு. பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் மறு பக்கமாகச் சாய்ந்து ஏறுவதால், அப்படி வெட்டினால்தான் நிறைய குழாய் அறுபட்டுப் பால் கூடுதலா வரும். ஆழமா போனால் மரத்தில் காயம், மேலோட்டமா போனால் பால் இல்லை. விடியாத இருட்டில், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், அந்தக் கோட்டைப் பிசகாமல் போட்டவர்கள் நம்ம அம்மா அப்பா. ஃபேக்டரியில் இருக்கிற எங்களுக்கும் தரையில் போட்ட மஞ்சள் கோடுதான் சட்டம். அடுக்கி வைத்த பெட்டி ஒரு விரல் தள்ளி இருந்தாலும் கண் போய் அங்கே நிற்கும். அந்தக் கண்ணைத்தான் இப்போது கோயிலுக்குக் கொண்டு வந்திருக்கிறோம்.

நம்ம வழிபாடும் வடிவத்தில்தான் இருக்கிறது. ஸ்ரீசக்கரம் என்பது மேல் நோக்கிய நான்கு முக்கோணம், கீழ் நோக்கிய ஐந்து முக்கோணம். முருகனுக்கு இரண்டு முக்கோணம் சேர்ந்த அறுகோணம், அதில் சரவணபவ என்று ஆறு எழுத்து. சிலை வடிக்கும் ஸ்தபதி முதலில் உச்சியிலிருந்து பாதம் வரை நடுவில் ஒரு நேர்க்கோடு போட்டுக்கொள்வார். அதற்குப் பேர் பிரம்ம சூத்திரம். கண்ணும் மூக்கும் தோளும் அந்தக் கோட்டிலிருந்து அளந்துதான் வருகின்றன.

சரி, படம் எடுக்கும் விஷயத்துக்கு வருவோம். நீங்களும் செய்து பார்க்கலாம்.

முதலில் ஃபோன் கேமராவின் செட்டிங்கில் போய் கிரிட் என்ற கட்டத்தைப் போடுங்க. திரையில் குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு கோடு வரும். தூண் நேராக நிற்கிறதா, தரை சமமாக இருக்கிறதா என்று அந்தக் கோடே காட்டிக் கொடுக்கும்.

அடுத்தது கோபுரம். பக்கத்தில் நின்று ஃபோனை மேலே சாய்த்து எடுத்தால் கோபுரம் பின்னால் விழுவது மாதிரி வரும். கோபுரத்தில் குறை இல்லை, ஃபோன் சாய்ந்திருப்பதுதான் காரணம். நன்றாகப் பின்னால் தள்ளி வந்து, ஃபோனை நேரா நிமிர்த்திப் பிடிங்க. கீழே தரை அதிகமாக வந்தால் பிறகு வெட்டிக்கொள்ளலாம். கோலாலம்பூர் மகா மாரியம்மன் கோயிலின் ஐந்து நிலை ராஜகோபுரத்தை எதிர்ப் பக்கம் நடைபாதையில் நின்று பாருங்க. ஒவ்வொரு நிலையும் கீழ் நிலையைவிடச் சுருங்கிச் சுருங்கிப் போவது அப்போதுதான் புரியும்.

பத்துமலைக்குப் போனால் எல்லாரும் 140 அடி முருகன் முன்னால் நின்று ஒரு படம் எடுப்போம். எடுங்க, தப்பில்லை. அதோடு கொஞ்சம் நகர்ந்து அந்த 272 படியையும் பாருங்க. கைப்பிடிக் கம்பிகள் கீழே அகலமா தொடங்கி மேலே போகப் போக நெருங்கும். கண்ணை இழுத்துக்கொண்டு போய் குகை வாசலில் விடும். 2018ல் வண்ணம் அடித்த பிறகு படிகள் குறுக்குக் கோடாகவும் தெரிகின்றன. தைப்பூசத்தன்று அந்தக் கோடுகளுக்கு நடுவில் ஒரே ஒரு பால்குடம் ஏறினாலும், அதுதான் படம்.

நேரமும் முக்கியம். நம்ம ஊரில் உச்சி வெயில் தலைக்கு நேரே விழும், நிழலே இருக்காது, எல்லாம் தட்டையாகத் தெரியும். காலை எட்டு மணி வாக்கில் அல்லது மாலை ஆறு மணி வாக்கில் வெளிச்சம் பக்கவாட்டில் வரும். மண்டபத்து ஜன்னல் கம்பியின் நிழல் அப்போது சிவப்புத் தரையில் வரிவரியாக விழுகிறதே, இத்தனை வருஷமா அதன் மேல்தான் உட்கார்ந்து பிரசாதம் சாப்பிட்டோம்.

பெரிய கலைஞர்களும் இதைத்தான் செய்தார்கள். பிரான்சு நாட்டு ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன் முதலில் ஓவியம் படித்தவர். பிறகு சின்ன லைக்கா கேமராவோடு உலகம் சுற்றினார். படத்துக்குள் கோடும் வடிவமும் சரியாக அமைய வேண்டும் என்பதில் பிடிவாதமானவர். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி சமாதி அடைந்த நேரத்தில் அவர் திருவண்ணாமலையில்தான் இருந்தார். பகவானின் கடைசி நாட்களை நாம் இன்று பார்க்க முடிவதற்கு அவர் கேமராவும் ஒரு காரணம்.

இப்போது நம்ம மண்டபம். எடுத்த படங்களை வீட்டுக்குப் போய் பெரிசாக்கிப் பார்த்தபோது, தினமும் பார்த்தும் கண்ணில் படாதது சில தெரிந்தது. எட்டுத் தூண்களும் ஒரே கனம் இல்லை. கிடைத்த மரத்தைக் கொண்டு வந்து நட்டிருக்கிறார்கள். மூன்றாவது தூணுக்குக் கீழே ஒட்டுப் போட்டு உயரத்தைச் சரிக்கட்டியிருக்கிறார்கள். யாரோ ஒருத்தர் மட்டம் பார்த்து, "போதும், இப்ப நேரா இருக்கு" என்று சொல்லியிருப்பார்.

முதல் படியைத் தரையோடு தரையாக ஃபோனை வைத்து எடுத்தோம். திரையில் கட்டத்தின் கோடு நேராகப் போகிறது. படி மட்டும் நடுவில் குழிந்து வளைந்திருக்கிறது. சிமெண்டு படி. வெறுங்காலால் தேய்ந்த வளைவு அது. வேலை முடிந்து வந்த கால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறிய கால், பக்கத்துத் தோட்டத்திலிருந்து கூழ் ஊற்ற நடந்து வந்த கால். நன்கொடையாளர் பேர்கள் பளிங்குப் பலகையில் இருக்கின்றன, புது மண்டபத்திலும் இருக்கும். நாள் கூலியில் பிடித்தம் கொடுத்து இந்த மண்டபத்தை எழுப்பியவர்களுக்குப் பலகை இல்லை. அவங்க போட்ட கையெழுத்து அந்த வளைவுதான். பிரிக்கும் நாளில் அது கல்லோடு மண்ணாகப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை கோலம் போடும் அம்மாவையும் கேட்டோம். "மூஞ்சியை எடுக்காதே, கோலத்தை எடு" என்று சொல்லிவிட்டார். சரி என்று மேல் படியில் நின்று நேர் கீழே பார்த்து எடுத்தோம். புள்ளிகளைச் சுற்றி வரும் கம்பிக் கோடு, அதன் முனையில் மாவு விழும் விரல், அவ்வளவுதான். படத்தைப் பார்த்த அவர் பேத்தி, "இது பாட்டி கை" என்று உடனே சொல்லிவிட்டாள்.

ஒரு வேண்டுகோள். கருவறைக்குள் படம் எடுக்க வேண்டாம், தீபாராதனை நேரத்தில் ஃபோனைக் கீழே வைத்துவிடுங்க. அந்த நேரம் கும்பிடுவதற்கு. காவடி எடுப்பவர் வழியில் குறுக்கே நிற்க வேண்டாம். மற்றவங்க பிள்ளைகளை எடுப்பதானால் பெற்றவங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்க.

வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மண்டபத்தில் இருப்போம். பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க, ஃபோனைக் கொடுத்து ஆளுக்கு ஒரு தூணை எடுக்கச் சொல்லுங்க. வீட்டில் பழைய படம் இருந்தால் கொண்டு வாங்க. கல்யாணப் படமா இருந்தாலும் பரவாயில்லை, பின்னால் ஒரு தூண் தெரிந்தால் போதும். அங்கேயே ஃபோனில் பதிவு செய்துகொண்டு கையோடு திருப்பிக் கொடுத்துவிடுவோம். படத்தில் இருப்பவர் யார், அந்தத் தூணை நட்டது யார் என்று தெரிந்தவர்கள் கட்டாயம் வாங்க. எல்லாவற்றையும் சேர்த்துக் கோயிலில் ஓர் ஆல்பம் வைக்கப் போகிறோம். அதில் பேர் எழுத இடம் விட்டிருக்கிறோம்.

ஓம் சக்தி.