பிழைச்செய்தி இல்லாத பிழை



நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச்சு 18-இல் நடப்புக்கு வந்தபின், ஆசிரியர்கள் பலர் காணொளித் தொகுப்பாளர்களாகவும் ஆனோம். மறு ஆண்டு, இல்லிருப்புக் கற்றலின்போது, கிள்ளானில் எங்கள் நான்காம் ஆண்டு மாணவர்கள் வீட்டிலிருந்தே கதை கூறிப் புலனத்தில் அனுப்பினார்கள். கைப்பேசிகள் பலவகை, கோப்புகளும் பலவகை. அனைத்தையும் எம்பி4 வடிவத்திற்கு மாற்றி, பின்னணியில் வீணையிசை சேர்க்க வேண்டியிருந்தது.

அதற்கு எஃப்எஃப்எம்பெக் என்னும் கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தேன். 2000-ஆம் ஆண்டில் ஃபாப்ரிஸ் பெல்லார் தொடங்கியது இது. சுட்டியால் அழுத்தும் பொத்தான்கள் இதில் இல்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். அவற்றை ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டால், எத்தனை காணொளிகளாயினும் வரிசையாக மாற்றித் தரும்.

முதல் சிக்கல் எளிதில் பிடிபட்டது. முதல் காணொளியை மாற்றியதும் வேலை நின்றுவிட்டது. கோப்புப் பெயர்ப் பட்டியலை வரிவரியாகப் படிக்கையில், விசைப்பலகை உள்ளீட்டை எதிர்பார்க்கும் எஃப்எஃப்எம்பெக், பட்டியலின் எஞ்சிய வரிகளையும் விழுங்கிவிடுகிறது. கட்டளையில் 'நோஸ்டிடின்' என்னும் தெரிவைச் சேர்த்ததும் அது தீர்ந்தது.

இரண்டாவது சிக்கல் திரையில் தெரியவே இல்லை. வேலை முழுவதும் முடிந்தது, பிழைச்செய்தி ஒன்றுமில்லை. பள்ளியின் சார்பில் வெளியிடுமுன் பெற்றோர் சிலருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டேன். ஒரு தாயார் அழைத்தார்.

"சார், பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருக்கிற பாட்டிக்கு அனுப்பினேன். வீணைதான் கேக்குது, பேத்தி குரலே கேக்கலன்னு சொல்றாங்க."

கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் ஒரு கொமுட்டர் பயணம்தான். ஆனால் ஒன்று சிலாங்கூரில், மற்றொன்று கோலாலம்பூரில். மாநில எல்லையைக் கடக்கத் தடையிருந்த காலம் அது. பேத்தியைக் காண முடியாத பாட்டிக்கு அந்தக் குரலே ஆறுதல்.

காதொலிப்பானை மாட்டிக்கொண்டு முழுவதும் கேட்டேன். கதை முடியுமுன் வீணையிசை முடிந்துவிடுகிறது. அதன்பின் ஓரிரு விநாடிகளில் சிறுமியின் குரல் தானாக உயர்கிறது. அதுவே துப்பு. ஒலிகளைக் கலக்கும் 'ஏமிக்ஸ்' வடிகட்டி, நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால், இரண்டு ஒலிகளையும் பாதியளவாகக் குறைத்துக் கலக்கிறது. ஒலி சிதையாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. ஓர் ஒலி முடிந்ததும் மற்றொன்றைப் பழைய அளவுக்கு உயர்த்துகிறது. உரத்த வீணையிசை பாதியானாலும் கேட்கும். கைப்பேசியில் பதிந்த கூச்சமிகு குரல் பாதியானால் அமிழ்ந்துவிடும்.

தீர்வு இதுதான். முதலில் வீணையிசையின் ஒலியளவை 0.15 ஆகக் குறைத்தேன். பின்னர் ஏமிக்ஸில் 'நார்மலைஸ்=0' என்று குறிப்பிட்டுக் குரலை அதன் முழு அளவில் விட்டேன். இத்தெரிவு இல்லாத பழைய பதிப்புகளில், கலந்தபின் ஒலியளவை இருமடங்காக்கலாம்.

ஆசிரிய நண்பர்களே, பிழைச்செய்தி வந்தால் மகிழுங்கள், அது வழிகாட்டும். செய்தியே வராதபோதுதான் செவி கொடுக்க வேண்டும். வகுப்பில் வாய்திறவாத மாணவனும் நமக்குப் பிழைச்செய்தி தருவதில்லை அல்லவா?

பள்ளி நிகழ்ச்சிகளுக்குக் காணொளி தயாரிப்போர், வெளியிடுமுன் அதை ஒரு மூத்தவரிடம் சாதாரணக் கைப்பேசியில் போட்டுக் காட்டுங்கள். பிள்ளை என்ன சொன்னது என்று கேளுங்கள். அவர் சொல்லிவிட்டால் உங்கள் கட்டளை சரி.