லேப்டாப் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்!



டிப்ளமோ சேர்ந்தவுடன் வீட்டில் எழும் முதல் கேள்வி, "லேப்டாப் கட்டாயம் வேணுமா?" இரண்டாவது கேள்வி, "எவ்வளவு ஆகும்?" மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. எந்த ரகம் வாங்குவது? அதை யாரும் கேட்பதில்லை. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

லேப்டாப்பில் இரண்டு ரகம் உண்டு. லெனோவோ ஐடியாபேட், டெல் இன்ஸ்பிரான், ஹெச்.பி. பெவிலியன் போன்றவை வீட்டு உபயோகத்துக்கானவை. கடையில் பளபளவென்று கண்ணைப் பறிப்பவை. திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் ஆகியவை ஆபீஸ் ரகம். கம்பெனிகள் மொத்தமாக வாங்குபவை. திங்க்பேடை 1992-ல் ஐ.பி.எம். கொண்டு வந்தது; 2005-ல் அது லெனோவோ கைக்கு மாறியது. டெல் 2025-ல் லேட்டிட்யூட் என்ற பெயரையே விட்டுவிட்டு 'டெல் புரோ' என்று மாற்றிவிட்டது. பழையது கேட்பவர்கள் மட்டும் லேட்டிட்யூட் என்றே கேட்க வேண்டும்.

புதிதாக வாங்கினால் ஆபீஸ் ரகம் நமக்கு எட்டாக்கனி. ஆனால் கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடுகின்றன. அவைதான் சென்னை ரிச்சி தெருவுக்கும் நம்ம ஊர் கடைகளுக்கும் வருகின்றன. ஆக, நம் முன்னால் இருக்கும் போட்டி இதுதான்: புத்தம் புதிய வீட்டு ரகமா, நான்கு வயதான ஆபீஸ் ரகமா?

எங்கள் வீட்டில் அம்மா சீட்டு எடுத்த பணம் 26 ஆயிரம் இருந்தது. புதுசு 38 ஆயிரம். மீதிக்கு மாதத் தவணை. பழைய லேட்டிட்யூட் 21 ஆயிரம். தங்கச்சிக்கு அடுத்த வருஷம் காலேஜ் பீஸ் கட்ட வேண்டும். தவணை ஒரு மாதம் தப்பினாலும் இடிப்பது அங்கேதான். எனக்கோ புதுசு மேல்தான் ஆசை. யாருக்குத்தான் இருக்காது?

அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "ஏங்கண்ணு, இதுல ஒரு சாமான் போச்சுன்னா தனியா கெடைக்குமா? நாம ஓட்டற தறியே பழசுதான். நாடா போனா நாடா மாத்தறோம், பெல்ட் போனா பெல்ட் மாத்தறோம். முழுத் தறியவா மாத்தறோம்?"

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு விசாரித்தேன். பெரும்பாலான ஆபீஸ் ரகத்தில் அடி மூடியைக் கழற்றினால் ரேம், எஸ்.எஸ்.டி., பேட்டரி எல்லாம் ஸ்குருவில் நிற்கின்றன. கழற்றும் முறையைப் படத்தோடு விளக்கும் சர்வீஸ் மேனுவலை கம்பெனியே இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஒரே மாடல் ஆயிரக்கணக்கில் விற்பதால் ஸ்பேரும் தாராளமாகக் கிடைக்கிறது. வீட்டு ரகத்தில் பலவற்றில் ரேமை போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள். எங்கள் வகுப்பு நண்பன் ஒருவனுக்கு 14 மாதத்தில் கீல் உடைந்தது. வாரண்டி 12 மாதம்! மேல் மூடி முழுவதையும் மாற்றச் சொன்னார்கள்.

"அப்பா, பழசே வாங்கிக்கலாமுங்க" என்றேன். மீதி 5 ஆயிரத்தை அம்மா தங்கச்சி பீஸுக்கு எடுத்து வைத்தார். இன்று ஆட்டோகேட் 2டி டிராயிங் எல்லாம் அதில்தான் போடுகிறேன். ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசம். வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டால் போதும்.

பழசு என்றதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள் தோழர்களே! கடையில் இவற்றைப் பாருங்கள்:

1. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை பிராசஸரும் அதற்குப் பிந்தையதும்தான் விண்டோஸ் 11-க்குத் தகுதி. ஐ5 என்று சொன்னால் மட்டும் போதாது, எந்தத் தலைமுறை என்று கேளுங்கள்.

2. பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். புதிதில் எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று இரண்டு எண் வரும். பாதிக்குக் கீழ் என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.

3. பயாஸ் பாஸ்வேர்டு இருக்கிறதா, பழைய கம்பெனியின் பூட்டு விழுகிறதா என்று ஆன் செய்து, நெட்டில் இணைத்துப் பாருங்கள். இருந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

4. எல்லா கீயையும் அழுத்துங்கள். கீலைத் திறந்து மூடுங்கள். எத்தனை மாதம் கடை வாரண்டி என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

ஒரு பக்கமாகவே பேசக் கூடாது. பழைய ஆபீஸ் ரகத்தில் பல மாடல்களின் ஸ்கிரீன் மங்கல். வெயிலில் ஒன்றும் தெரியாது. பெரிய 3டி மாடலிங், வீடியோ எடிட்டிங் செய்பவர்களுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும். பழுது பார்க்க ஆளில்லாத ஊரில் இருப்பவர்களுக்கு வாரண்டி முக்கியம். அவர்கள் கையில் முழுப் பணமும் இருந்தால் புதுசே வாங்கட்டும், தப்பில்லை. ஆபீஸ் ரகத்திலும் மெல்லிய புது மாடல்களில் ரேமை சால்டர் செய்வது வந்துவிட்டது. ஆகவே பெயரை மட்டும் நம்பாமல் மாடல் நம்பரைப் பார்த்து விசாரியுங்கள்.

பளபளப்பு ஆறு மாதம். தவணையோ இரண்டு வருடம். நாம் படிப்பது இயந்திரங்களைக் கழற்றி மாட்டும் படிப்பு. கழற்றி மாட்ட முடிகிற ஒன்றைக் கையில் வைத்திருப்பதுதானே நமக்கு அழகு?