துடுப்பும் பிரம்பும்

கல்முனைக் கடற்கரையிற் கரைவலை இழுத்த ஒருவரிடம் நாம் சிலம்படி கற்றோம். ஊரார் அவரை அண்ணாவியார் என்றே அழைத்தனர். விடியுமுன் தோளில் வலைக்கயிறு; அந்தியிற் கையிற் பிரம்பு. சுன்னத்துக் கலியாணமென்றாலோ பெருநாளென்றாலோ ஊர்ப் பெரியவர்கள் அவரைத் தேடி ஆள் அனுப்புவர். மற்றைய நாட்களிற் பிள்ளைகளை அவர் முற்றத்தை மிதிக்க விடார், படிப்புக் கெட்டுவிடுமாம். எம் வாப்பாவும் அவ்வாறு தடுத்தவரே. நாம் ஒளித்தே போனோம்.

அவரை நினைக்குந்தோறும் ஒக்கினாவாத் தீவின் ஆயுதக்கலை ஆசான் தைரா சின்கென் நினைவில் எழுகிறார். 1897 இல் கூமே என்னும் சிறு தீவிற் பிறந்தவர். இளமையிற் சுரங்க விபத்தொன்றிற் கால் முறிந்தவர். யபிக்கு மோதென் என்பாரிடம் கோல் முதலியவற்றின் வரிசைகளைக் கற்றார். படகோட்டியின் துடுப்பும் அங்கே ஆயுதம். அதன் தட்டை முனையால் மணலை வாரி எதிராளியின் கண்ணில் எறிவது அவ்வரிசையின் ஓர் அடி. எம் கரைவலைக்காரருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

அரசு ஆயுதங்களைப் பறித்தமையால் உழவர் தம் கருவிகளையே ஆயுதமாக்கினர் என்றொரு கதையுண்டு. எம் போன்றோர்க்கு அது மிக இனிக்கும். ஆனால் ஆய்வாளர் அதனை முழுதும் ஏற்பதில்லை. வரிசைகள் பல உயர்குடியினர் பெயராலேயே வழங்குகின்றன. உவப்பானது என்பதற்காக மாணாக்கர்க்கு அதை உண்மையென்று உரைத்தல் தகாது. எனினும், துடுப்பு எவர் கையிலிருந்து வந்ததென்று அறிய ஆய்வும் வேண்டுமோ?

1945 இன் போர் அத்தீவு மக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரைக் கொன்றது. வரிசைகளை உடலிற் சுமந்திருந்த முதியோர் பலரும் அதில் மாண்டிருப்பர். தைராவோ அப்போருக்கு முன்னும் பின்னும் வரிசைகளைத் திரட்டினார்; 1955 இற் கலையைப் பேணச் சங்கம் அமைத்தார்; 1964 இல் நூலும் வெளியிட்டார். 1970 இல் அவர் மறைந்தபோது தீவு இன்னும் அமெரிக்க ஆட்சியிலேயே இருந்தது. ஆனால் நாற்பதுக்கும் மேற்பட்ட வரிசைகள் அவரோடு புதையவில்லை.

எம் கரைக்கு 2004 டிசெம்பர் 26 இற் கடலே வந்தது. அண்ணாவியாரின் குடிசையிருந்த இடமே தெரியவில்லை. முகாமிலிருந்து வெளிவந்ததும் அவர் முதலில் தேடியது ஒரு பிரம்பு. ஆண்டுகள் சென்று, தமிழ்ப் பட்டத்தோடு ஊர் திரும்பிய எம்மை அழைத்தார்.

“மனே, நீ படிச்ச புள்ள. கால் வைக்கிற கணக்கெல்லாம் ஒரு கொப்பியில எழுதி வை.”

ஒப்புக்கொண்டோம். பிறகு தவணைப் பரீட்சை வந்தது. மாலை வகுப்புகள் வந்தன. நோன்பு கழியட்டும் என்றோம். வகுப்பறையிற் புறநானூற்று வீரத்துக்குப் பொழிப்புரை எழுதுவித்துக்கொண்டிருந்தோம். அரைக் கல் தொலைவில் அவர் திண்ணையிற் காத்திருந்தார். ஜனாஸாவிலே தோள் கொடுத்தபோதுதான் எம் நெஞ்சு சுட்டது.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளிற் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மகிழ்ந்தோம், ஆனால் எம் அண்ணாவியாரின் காற்கணக்கை எந்த மேடை மீட்டுத்தரும்?

இப்போது வெள்ளிக்கிழமை அந்திகளில், எம்மோடு கற்ற கரைவலைத் தோழர் ஒருவருடன் மணலில் நின்று எழுதிவருகிறோம். சலாம் வரிசை தொடங்கிப் பதினொன்று முடிந்தன. பன்னிரண்டாவதில், குந்தியெழுந்து திரும்புமிடத்தில், முந்துவது இடக்கால் என்கிறார் அவர். வலக்கால் என்கிறோம் நாம். கொப்பியில் அவ்விடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம்.