மூன்று நிமிட வைத்தியம்

2014 உலகக் கோப்பை இறுதியாட்டம், ரியோ. நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரை மணி. ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் அன்று முதலில் இறங்க வேண்டியவரே அல்ல. கெதீராவுக்கு வார்ம்-அப்பில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதால் கடைசி நேரத்தில் உள்ளே வந்தவர். 17ஆம் நிமிடத்தில் அர்ஜென்டினாவின் கராயின் தோள் அவர் முகத்தில் மோதியது. விழுந்தார், எழுந்தார், ஆடினார். கொஞ்ச நேரம் கழித்து நடுவர் ரிட்சோலியிடம் போய், இது ஃபைனல்தானா என்று கேட்டார். நடுவர் முதலில் விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தார். பிறகு விஷயம் புரிந்து ஷ்வைன்ஸ்டைகரிடம் சொன்னார். 31ஆம் நிமிடத்தில்தான் கிராமர் வெளியே வந்தார். அந்த முதல் பாதி அவருக்குப் பின்னாளிலும் நினைவுக்கு வரவில்லை.

ஆக, உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஆட்டத்தில், எந்த ஆட்டம் ஆடுகிறோம் என்று தெரியாத ஒருவர் 14 நிமிடம் ஆடியிருக்கிறார். கண்டுபிடித்தது மருத்துவர் அல்ல, நடுவர்.

அவருக்குப் பதில் இறங்கியவர் ஷுர்லே. 113ஆம் நிமிடத்தில் கோட்ஸேவுக்குப் பந்தை அனுப்பிக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அடிபட்டவனை வெளியே எடுத்தால் அணிக்கு நஷ்டம் என்று சொல்பவர்கள் இதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

*

அதே உலகக் கோப்பையில், சாவ் பாவ்லோ. உருகுவேயின் அல்வாரோ பெரேரா, இங்கிலாந்தின் ஸ்டெர்லிங்கின் முழங்கால் தலையில் பட்டு மைதானத்திலேயே நினைவிழந்தார். அணி மருத்துவர் கையைச் சுழற்றி ‘ஆளை மாற்று’ என்று சைகை காட்டினார். நினைவு வந்த பெரேரா மருத்துவரைப் பார்த்துக் கத்திவிட்டு, உள்ளே போய் கடைசிவரை ஆடினார். மருத்துவரின் சைகைக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான்.

இந்தக் களேபரத்துக்குப் பிறகு ஃபிஃபா ஒரு விதி கொண்டுவந்தது. தலையில் அடிபட்டால் ஆட்டத்தை மூன்று நிமிடம் வரை நிறுத்திப் பரிசோதிக்கலாம், தொடர்வதா வேண்டாமா என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். மூன்று நிமிடம்! சுற்றிலும் எழுபதாயிரம் பேர் கூச்சல், தலைக்கு மேல் கேமரா, பக்கத்தில் பொறுமையில்லாத பயிற்சியாளர். இதற்குள் மூளையின் நிலையைச் சொல்ல வேண்டுமாம்.

*

மண்டையோட்டுக்குள் மூளை நீரில் மிதக்கிறது. தலை சட்டென்று நின்றாலும் மூளை உடனே நிற்பதில்லை. பிரேக் போட்ட பேருந்தில் நின்றுகொண்டு வருபவர்போல முன்னே போய் இடித்துப் பின்னே வருகிறது. நரம்பிழைகள் இழுபடுகின்றன. இதற்கு எலும்பு உடைய வேண்டியதில்லை, ரத்தம் வர வேண்டியதில்லை. கன்கஷன் எனப்படும் இந்த மூளை அதிர்வில் பெரும்பாலும் நினைவுகூடத் தப்புவதில்லை. சி.டி. ஸ்கேன் எடுத்தால் பொதுவாக ஒன்றும் தெரியாது. தலைசுற்றல், குமட்டல், வெளிச்சம் கூசுவது, பேச்சுக் குழறல் எல்லாம் சில சமயம் மணிக்கணக்கில் தாமதமாக வரும். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்து உண்டு, இளவயதினருக்குக் குறிப்பாக.

முழங்காலில் அடிபட்டவனிடம் ‘வலிக்கிறதா?’ என்று கேட்கலாம், மூளை பதில் சொல்லும். மூளையிலேயே அடிபட்டவனிடம் ‘ஆட முடியுமா?’ என்று கேட்பது என்ன நியாயம்? பதில் சொல்ல வேண்டிய இடமே அடிபட்டுக் கிடக்கிறது. ஆட்டக்காரர் ‘முடியும்’ என்றுதான் சொல்வார். அது வீரமா, குழப்பமா என்று அவருக்கே தெரியாது.

*

2013 நவம்பர், எவர்ட்டன் மைதானம். டாட்டன்ஹாம் கோல்கீப்பர் யூகோ லோரிஸ், லுகாக்குவின் முழங்காலில் மோதி நினைவிழந்தார். மாற்று கோல்கீப்பர் தயாராக நின்றார். லோரிஸ் மறுத்துவிட்டு ஆடினார். ஆட்டத்துக்குப் பின் பயிற்சியாளர் வில்லாஸ்-போவாஸ் அவரது மன உறுதியைப் புகழ்ந்தார். ஆடவிட்டது தன் முடிவு என்றும் சொன்னார். மருத்துவர் முடிவு செய்ய வேண்டியதைத் தான் முடிவு செய்ததாகப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் தொழில் வேறு ஏதாவது இருக்கிறதா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2015 ஆகஸ்ட், செல்ஸி–ஸ்வான்ஸி. அஸார் கீழே விழுந்து கிடக்க, நடுவர் கூப்பிட்டதால் அணி மருத்துவர் ஈவா கார்னெய்ரோ உள்ளே ஓடினார். சிகிச்சை பெற்றவர் வெளியே போய்த்தான் திரும்ப வர வேண்டும் என்பது விதி. ஏற்கெனவே பத்துப் பேராக இருந்த செல்ஸி கொஞ்ச நேரம் ஒன்பது பேரானது. பயிற்சியாளர் மூரின்யோ கொதித்துப் போய், ஆட்டம் புரியாதவர்கள் என்று பொதுவெளியில் ஏசினார். கார்னெய்ரோ வேலையைவிட்டுப் போனார். வழக்குப் போட்டார். 2016இல் செல்ஸி நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டுச் சமரசம் செய்துகொண்டது. அது தலைக்காயம் அல்ல. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற கிளப் மருத்துவர்கள் மனதில் என்ன ஓடியிருக்கும்? சம்பளம் கொடுப்பது கிளப். முடிவும் அந்தச் சம்பளக்காரரிடம்தான் விடப்பட்டிருக்கிறது.

*

செல்ஸி கோல்கீப்பர் பீட்டர் செக் என்றால் தலையில் கறுப்புக் கவசம். 2006 அக்டோபரில் ரெடிங் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே மண்டையோடு உள்ளமுங்கி உடைந்தது. அதே ஆட்டத்தில் அவருக்குப் பதில் வந்த குடிச்சினியும் அடிபட்டு நினைவிழந்தார். கடைசியில் தற்காப்பு ஆட்டக்காரர் ஜான் டெர்ரி கோலில் நின்றார். ஒரே மாலையில் இரண்டு கோல்கீப்பர்கள்! செக் அந்தக் கவசத்தை 2019இல் ஓய்வு பெறும்வரை கழற்றவில்லை. கவசம் எலும்பைக் காக்கும். உள்ளே மூளை இடித்துக்கொள்வதை அது தடுக்காது. இது தெரியாமல் பல பெற்றோர் பிள்ளைகளுக்கு வாங்கி மாட்டுகிறார்கள்.

ஆட்டக்காரர் ரயான் மேசன் நினைவிருக்கிறதா? 2017 ஜனவரியில் எதிரணியின் காஹிலோடு தலை மோதி மண்டையோடு உடைந்தது. 26 வயதில் ஆட்டத்தைவிட்டே போனார். 29 வயதில் டாட்டன்ஹாமின் இடைக்காலப் பயிற்சியாளர் ஆனார்.

*

லிவர்பூல் கோல்கீப்பர் லோரிஸ் காரியூஸ் விஷயம் இன்னும் உறுத்துகிறது. 2018 சாம்பியன்ஸ் லீக் இறுதி, கீவ். எதிரணியின் ராமோஸின் முழங்கை பட்டு விழுந்தார். அடுத்த சில நிமிடங்களில் பந்தை நேராக பென்ஸிமாவின் காலுக்கு எறிந்து கோல் வாங்கினார். பிறகு பேல் தூரத்திலிருந்து அடித்த பந்தையும் கைநழுவவிட்டார். லிவர்பூல் தோற்றது. உலகம் சிரித்தது. கொலை மிரட்டல்கூட வந்தது. சில நாள் கழித்து பாஸ்டன் மருத்துவமனையில் பரிசோதித்தவர்கள் கன்கஷன் என்றார்கள், கண்பார்வை சார்ந்த கோளாறும் இருந்திருக்கிறது என்றார்கள். சாக்கு என்று சொன்னவர்களே அதிகம். அந்த இரண்டு கோலுக்கும் இதுதான் காரணமா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. முழங்கை பட்டவுடன் ஒருவர் பத்து நிமிடம் அவரை உட்காரவைத்துப் பார்த்திருந்தால் இந்த வாதமே எழுந்திருக்காது.

*

இதுவரை எழுதியது எல்லாம் கண்ணுக்குத் தெரியும் அடி. தெரியாத அடிதான் அதிகப் பேரைக் கொண்டுபோயிருக்கிறது.

ஜெஃப் ஆஸில். வெஸ்ட் பிராம் அணியின் முன்கள வீரர், 174 கோல், 1968 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் வெற்றி கோல். தலையால் அடிப்பதில் மன்னர். ஓய்வுக்குப் பிறகு ஜன்னல் துடைக்கும் தொழில் நடத்தினார். கால்பந்தில் சம்பாதித்தது அவ்வளவுதான். 59 வயதில், 2002 ஜனவரியில் இறந்தபோது அவருக்கு நினைவு என்பதே இல்லாமல் போயிருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் மரண விசாரணை அதிகாரி அளித்த முடிவு: தொழில்சார் நோய். சுரங்கத் தொழிலாளியின் நுரையீரல் எப்படியோ அப்படி ஆஸிலின் மூளை, பந்தைத் திரும்பத் திரும்பத் தலையில் வாங்கியதால்.

இவ்வளவு தெளிவான தீர்ப்பு வந்தபின் அடுத்த நாளே எல்லாரும் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். நடந்தது 12 ஆண்டு மௌனம். 2014இல் கிளாஸ்கோவின் நரம்பு நோயியல் மருத்துவர் வில்லி ஸ்டூவர்ட் பாதுகாத்து வைத்திருந்த மூளையை மறுபடி ஆராய்ந்து, இது வெறும் மறதி நோய் அல்ல, குத்துச்சண்டை வீரர்களிடம் காணப்படும் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு என்றார். மகள் டான் ஆஸில் ஓயாமல் குரல் கொடுத்திராவிட்டால் இதுவும் நடந்திருக்காது. பெரிய சங்கங்கள் செய்யாததை ஒரு குடும்பம் செய்தது.

ஸ்டூவர்ட் குழுவின் பெரிய ஆய்வு 2019இல் வந்தது. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 7,676 பேர், ஒப்பிட 23,000 பொதுமக்கள். மூளைச் சிதைவு நோய்களால் இறப்பது ஆட்டக்காரர்களிடம் மூன்றரை மடங்கு. (இதய நோயிலும் நுரையீரல் புற்றிலும் இறப்பு குறைவு. ஆடியதால் உடம்புக்கு நல்லதே நடந்திருக்கிறது, மூளையைத் தவிர.) 2021இல் ஆடும் இடவாரியாகப் பார்த்தார்கள். கோல்கீப்பர்களுக்குப் பொதுமக்கள் அளவுதான். பந்தை அதிகம் தலையால் அடிக்கும் தற்காப்பு வீரர்களுக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

‘அது அந்தக் காலத்துத் தோல் பந்து, மழையில் ஊறிக் கனத்துவிடும், இப்போதெல்லாம் பந்து லேசு’ என்று ஒரு சமாதானம் உண்டு. உலர்ந்த பந்தின் எடை அன்றும் இன்றும் ஏறக்குறைய ஒன்றே, இன்று 410 முதல் 450 கிராம். இன்றைய பந்து நனையாது, ஆனால் இன்னும் வேகமாக வரும். எந்தக் காலத்தில் பிறந்த ஆட்டக்காரர் என்பதால் ஆபத்து மாறியதாகவும் அந்த ஆய்வில் தெரியவில்லை.

*

1966இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்தின் பதினோரு பேரில் ரே வில்சன், மார்ட்டின் பீட்டர்ஸ், ஜாக் சார்ல்டன், நோபி ஸ்டைல்ஸ், பாபி சார்ல்டன் ஆகிய ஐவருக்கு டிமென்ஷியா. ஸ்டைல்ஸ் தன் பதக்கங்களை 2010இல் ஏலத்துக்கு விட்டார். 2023இல் பிரிமியர் லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் சேர்ந்து இத்தகைய குடும்பங்களுக்காக ஒரு நிதி தொடங்கின. ஆரம்பத் தொகை 10 லட்சம் பவுண்டு. ஒரு சுமாரான ஆட்டக்காரரை வாங்கவே அதைப்போல் பல மடங்கு கொடுக்கிறார்கள்.

*

பயிற்சியில் மாற்றம் வந்திருக்கிறது. 2015இல் அமெரிக்கா பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்குத் தலையால் அடிப்பதைத் தடை செய்தது. இங்கிலாந்தில் 2021 முதல் பெரியவர்களுக்கும் பயிற்சியில் வாரத்துக்குப் பத்து வலுவான ஹெட்டர் என்று வழிகாட்டுதல். ஆட்டத்தில்? அங்கே கணக்குப் பார்க்க யாரும் இல்லை.

*

மாற்று ஆட்டக்காரர் விவகாரம். 2021 முதல் சோதனையாகவும், 2024 ஜூலை முதல் போட்டி அமைப்பாளர் விரும்பினால் பயன்படுத்தும் விதியாகவும், கன்கஷன் சந்தேகம் இருந்தால் கூடுதலாக ஒருவரை இறக்கலாம். எதிரணிக்கும் ஒரு கூடுதல் மாற்று கிடைக்கும். ஆனால் வெளியே போனவர் போனவர்தான். இங்கேதான் கோளாறு. சந்தேகத்துக்காக நட்சத்திர ஆட்டக்காரரை நிரந்தரமாக இழக்க எந்தப் பயிற்சியாளர் சம்மதிப்பார்? ரக்பியில் தற்காலிக மாற்று இறங்க, அடிபட்டவரை உள்ளே கூட்டிப்போய் 12 நிமிடம் சோதிக்கிறார்கள். சரியாக இருந்தால் திரும்பலாம். அதையே பிரிமியர் லீக்கும் பிரான்சின் லீக் 1உம் அமெரிக்காவின் எம்.எல்.எஸ்.உம் பரீட்சித்துப் பார்க்கிறோம் என்று கேட்டன. விதிகளை வகுக்கும் இஃபாப் 2023இல் கையை விரித்தது.

இந்த மாற்றை வைத்து ஏமாற்றுவார்கள் என்ற பயம் எப்போதும் சொல்லப்படுகிறது. பயம் முற்றிலும் பொய்யல்ல. கிரிக்கெட்டில் நடந்தது இது. 2020 டிசம்பர், கான்பெரா டி20: ஸ்டார்க்கின் பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட, கன்கஷன் மாற்றாக வந்த சாஹல் மூன்று விக்கெட் எடுத்து ஆட்ட நாயகன் ஆனார். ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் லாங்கர் ஆட்ட ரெஃப்ரியிடம் சண்டைக்கே போனார். அதற்காகக் கிரிக்கெட் அந்த விதியைத் தூக்கி எறியவில்லை. நாலு பேர் விதியை வளைப்பார்கள் என்றால் நாலு பேரைப் பிடிக்க வேண்டும்.

அமெரிக்கக் கால்பந்து என்ற வேறு ஆட்டத்தில் கிளப்பைச் சாராத நரம்பியல் மருத்துவர் இருக்கிறார், மேலிருந்து கவனிக்க ஆட்களும் உண்டு. இருந்தும் 2022 செப்டம்பர் 25 அன்று தலை அடிபட்டுத் தள்ளாடிய துவா டகோவைலோவா அதே ஆட்டத்தில் திரும்பினார். நான்கு நாளில் மறுபடி அடிபட்டு விரல்கள் விறைத்த நிலையில் ஸ்ட்ரெச்சரில் போனார். தள்ளாடினால் திரும்பக் கூடாது என்ற விதி அதன் பிறகே சேர்ந்தது. எனவே தற்காலிக மாற்று வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை.

ஆனால் இன்றைய ஏற்பாட்டைவிட அது மேல். கிளப்பின் சம்பளம் வாங்காத ஒரு மருத்துவர், மைதானத்துக்கு வெளியே ஓர் அறை, குறைந்தது பத்து நிமிடம். இஃபாப் இதை அந்த மூன்று லீக்குகளில் இரண்டு பருவம் நடத்திப் பார்க்க அனுமதிக்க வேண்டும். தலையில் கட்டோடு எழுந்து ஓடுகிறவருக்குக் கைதட்டுவதை அதுவரை நாமும் நிறுத்தி வைக்கலாம்.